பொட்டு வைத்த அம்பயர்

என் வேலை பெட்டி அடிப்பது. மாமல்லபுரத்தில் கல்லில் சிலை செய்கிறவர்களை உங்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அந்தச் சிலை வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் மூக்கு உடையாமல் போய்ச் சேர வேண்டும் அல்லவா? அதற்கு மரப்பெட்டி அடித்து, வைக்கோல் திணித்து, மூடி அறைந்து அனுப்புகிறவன் நான். பத்தாவது வரை படித்தேன். கணக்கில் தேறவில்லை. ஆணி அடிக்கக் கணக்கு வேண்டாம் என்று நினைத்தேன், அதுவும் தப்பு, வேண்டும்.

பிள்ளைகளே, இப்போது நான் சொல்லப் போவது என்னுடைய கிரிக்கெட் கார்டு கதை.

நான் ஆறாவது படிக்கும்போது பெட்டிக்கடையில் ஒரு பபிள்கம் வந்தது. பிரித்தால் உள்ளே கம்மோடு ஒரு சின்ன அட்டையும் இருக்கும். மொத்தம் அறுபது அட்டை. ஐம்பத்தொன்பதில் ஆட்டக்காரர்கள். ஒன்றில் மட்டும் அம்பயர், சிக்ஸர் என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்பார். எங்களுக்கு அந்த அம்பயரைப் பிடிக்கவே பிடிக்காது. காசு கொடுத்து கம் வாங்கி, ஆசையாகப் பிரித்தால் அம்பயர் வந்தால் எப்படி இருக்கும்? சேறு ஒட்டின செருப்பைச் சுரண்ட அவரைத்தான் எடுப்போம். மற்றவர்களைச் சட்டைப் பையில் வைத்து, வேர்வையில் நனைத்து, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, அன்பாலேயே நாசம் செய்தோம்.

அதனால்தான் இன்றைக்கு, பிரித்த அன்று இருந்த மாதிரியே இருக்கும் கார்டு கிடைப்பது கஷ்டம். நான்கு மூலையும் கூராக இருக்க வேண்டும். மடிப்பு, கீறல், கம் ஒட்டின கறை எதுவும் கூடாது. படம் நடுவில் அச்சாகியிருக்க வேண்டும். இதையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் நான் வாங்காத மார்க்கை என் கார்டுகளாவது வாங்கட்டும் என்று எட்டு வருடம் சேர்த்தேன். வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறவர்களோடு ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்வேன். ஐம்பத்தொன்பது சேர்ந்தது. அம்பயர் மட்டும் வரவில்லை. யாரும் வைத்திருந்தால்தானே வருவார்!

கடைசியில் கருங்குழியில் மூடிக் கிடந்த ஒரு கடையைக் காலி செய்கிறார்கள், பரணில் பழைய கம் பாட்டில் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஓடினேன். விற்காத கம் முப்பது நாற்பது இருந்தது. கடைக்காரரும் நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். அவர் ஒரு கம்மை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தார். "யப்பா, கல்லு மாதிரி கீது, இத நீ சிலை செய்ய எட்த்துக்கினு போலாம்" என்று துப்பினார். அதற்கு அடுத்த பொட்டலத்தில் அம்பயர் இருந்தார். மூலை ஒன்றுகூட மழுங்கவில்லை. நான் கடைக்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

அறுபதும் சேர்ந்த பிறகுதான் கவலை வந்தது. எங்கள் வாடகை வீடு கடலுக்கு ரொம்பப் பக்கம். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே உதிர்கிறது, அட்டை எம்மாத்திரம்? செருப்பு டப்பாவில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை ஊர் முழுக்கக் கேட்டு வாங்கிப் போட்டேன். அப்படியும் போன மழைக்காலத்தில் இரண்டு கார்டு லேசாக வளைந்தது. பாரம் வைத்து நிமிர்த்தினேன். இன்னொரு ஐப்பசியை இந்த வீட்டில் இவை தாங்காது என்று தெரிந்துவிட்டது. மழைக்கு முன்னால் ஏலத்தில் விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். காய்ந்த வீடாகப் போகட்டும். ஆனால் அறுபதும் ஒன்றாகப் போகட்டும். எனக்கு அந்த ஒரு ஆசைதான்.

அதற்குத்தான் ஆபத்து இருந்தது. கார்டு வியாபாரி ஒருவர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார். "அண்ணாத்த, நாற்பதாயிரம் வரிக்கும் நானே ஏறுவேன். அம்பயர் ஒருத்தருக்கே பாதிக்கு மேல வந்துடும். மத்தத ஒண்ணொண்ணா தள்ளி வுட்ருவேன்" என்றார்.

"பிரிச்சிடுவீங்களா?"

"பின்ன இன்னா, வெச்சி கொஞ்சவா போறேன்?"

ஏலத்தில் அதிகம் கேட்பவருக்குத்தான் பொருள். நான் எதுவும் சொல்ல முடியாது. படங்கள் எடுத்து ஏலக்காரருக்கு அனுப்பிவிட்டேன்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் பட்டறையில் அன்றைக்கு ரம்பம், சுத்தியல், இழைப்புளி, சிலை தூக்கும் சங்கிலி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைப்பது என் பொறுப்பு. எனக்குக் கை ஆடாது. பொட்டு வட்டமாக விழும். காலையிலிருந்து நூறு பொட்டாவது வைத்திருப்பேன். அதே கையோடு வீட்டுக்கு வந்தேன். சைக்கிள், மிக்ஸி, அரிவாள்மனை, மகளின் பாடப் புத்தகங்கள் எல்லாம் சுவரோரமாக வரிசையில் இருந்தன. கடைசியில் என் கார்டு டப்பாவையும் என் மனைவி வைத்திருந்தாள். முந்தின நாள்தான் ஒவ்வொரு கார்டையும் புது கெட்டி உறைக்குள் மாற்றிக்கொண்டிருந்தேன். ஓர் உறை குறைந்ததால் அம்பயர் மட்டும் வெறும் அட்டையாக மேலே இருந்தார்.

நான் பேசிக்கொண்டே வைத்துக்கொண்டு போனேன். சைக்கிளுக்கு ஒன்று. மிக்ஸிக்கு ஒன்று. புத்தகத்துக்கு ஒன்று. கை அடுத்ததற்குப் போனது. சந்தனம், அதன் மேல் குங்குமம். வைத்த பிறகுதான் பார்த்தேன். தூக்கின இரண்டு கைக்கும் நடுவில், நெற்றியில், அவ்வளவு அழகான பொட்டு.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "அய்யய்யோ! இன்னா பண்ணிட்ட நீ? அம்பயருக்கு இன்னாத்துக்குப் பொட்டு?"

"நைனா, அவரு கோயிலுக்குப் போய் வந்த மாதிரியே கீறாரு" என்றாள் ஏழாவது படிக்கும் என் மகள். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. பஞ்சால் ஒற்றி எடுத்தேன். மஞ்சள் வட்டமும் நடுவில் சிவப்பும் அட்டைக்குள்ளேயே இறங்கிவிட்டன. இனித் துடைத்தால் நெற்றியே வந்துவிடும்.

என் மைத்துனன் செங்கல்பட்டில் ஓர் அச்சகத்தில் இருக்கிறான். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவனே வந்தான். ஏலத்துக்காக எடுத்து அவனுக்கும் நான் அனுப்பியிருந்த படத்தை வைத்து, அதே மாதிரி தடித்த அட்டையில் ஓர் அம்பயரை அடித்துக்கொண்டு வந்திருந்தான்.

"மாமா, அச்சு அசல். உறைக்குள்ள போட்டுட்டா எவனுக்கும் தெரியாது."

உண்மையிலேயே தெரியவில்லை. ஒரு நிமிடம் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் பெட்டி அடிக்கிறவன். ஒட்டின மூக்கை வைக்கோலுக்குள் மறைத்து அனுப்பினால் இங்கே யாருக்கும் தெரியாது. பெட்டியைத் திறக்கிற ஊரில் தெரியும். திறக்கிறவர் முகத்தை நான் பார்க்க மாட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம். அவன் அடித்த கார்டை மகளிடம் புத்தக அடையாளத்துக்குக் கொடுத்துவிட்டேன். ஏலக்காரருக்குப் போன் போட்டேன்.

"சார், படத்துல இல்லாத பொட்டு ஒண்ணு இப்ப கீது சார்."

அவருக்குப் புரிய வைக்கக் கால் மணி நேரம் ஆனது. சிரித்து முடிக்க அவருக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

ஏலம் கேளம்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. கார்டுகளுக்குச் சிலைக்கு அடிப்பது போலவே ஒரு சின்ன மரப்பெட்டி அடித்து, மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். "இன்னா அண்ணாத்த, உள்ள பாம்பா?" என்றார் கண்டக்டர். "அம்பயர்" என்றாள் என் மகள். அவர் பெட்டிக்கு டிக்கெட் கேட்கவில்லை.

இலை போடுகிற நீள மேசைகளில் பழைய நாணயம், தீப்பெட்டிப் படம், தபால்தலை என்று பரப்பியிருந்தார்கள். முந்தின நாள் கல்யாணத்தின் சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. ஏலக்காரர் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து என் கார்டுகளுக்கு மார்க் போட்டார். ஒன்பது, ஒன்பது, பத்து, ஒன்பது, எட்டு. நான் நின்றுகொண்டே வேர்த்தேன். அம்பயருக்கு மூன்று. "சந்தனம் நல்லா வாசனையா இருக்குது, அதுக்கு ஒரு மார்க் சேர்த்திருக்கேன்" என்றார். மார்க் சீட்டு கார்டுகளோடு மேசையில் வைக்கப்பட்டது.

பார்க்க வந்தவர்களில் ஐம்பது வயதுக்குள் ஓர் அம்மா இருந்தார். கூடுவாஞ்சேரியில் டீச்சராம். எல்லோரும் கார்டைத் தூக்கித் திருப்பிப் பார்க்க, அவர் மட்டும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து, அறுபதையும் பார்த்தார். தொடவே இல்லை.

"எடுத்துப் பாருங்க டீச்சர்" என்றேன்.

"பரவால்ல, பழக்கம் இல்ல" என்றார்.

என் செட்டின் முறை வந்தது. ஏலக்காரர் மைக்கில் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். "அறுபது கார்டு. ஐம்பத்தொன்பது முதல் தரம். அம்பயருக்கு ஆயுத பூஜை பண்ணியிருக்காங்க." கூடமே சிரித்தது. வியாபாரி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யோவ் அண்ணாத்த, இன்னாய்யா இது? பொட்டு வெச்ச அம்பயர வெச்சிகினு நான் இன்னா பூஜையா பண்றது?"

ஆனாலும் அவர் போய்விடவில்லை. மற்றவற்றைத் தனித்தனியாக விற்கலாமே. ஐந்தாயிரம் என்று ஆரம்பித்தார். டீச்சர் ஆறு என்றார். வியாபாரி ஏழு. டீச்சர் எட்டு. மகள் என் கையைப் பிடித்து நெரித்தாள். வியாபாரி பத்து என்று சொல்லிவிட்டு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். டீச்சர் பதினொன்று என்றார்.

"பதினொண்ணாயிரம் ஒரு தரம்."

வியாபாரி இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு தரம்."

அவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். "அம்பயர் இல்லாம கட்டாது."

"மூணு தரம்!"

நாற்பது எங்கே, பதினொன்று எங்கே என்று ஒரு பக்கம் உறுத்தியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அம்மா செட்டைப் பிரிப்பாரா என்பதுதான் அப்போது என் கவலை. ஓடிப்போய்க் கேட்டேன். "டீச்சர், தனித்தனியா வித்துட மாட்டீங்களே? வூட்ல ஈரம் வருமா?"

"ஈரமா? மொட்டை மாடி ரூம்ங்க. வெயில்ல வேகுது."

"வேகவும் கூடாதுங்க!"

"சரி, கீழ அலமாரியில வைக்கிறேன், போதுமா?" என்று சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு பழைய ஜாமெட்ரி பாக்ஸை எடுத்துத் திறந்தார். உள்ளே மெல்லிய தாளுக்கு நடுவில் ஓர் அம்பயர். அடியில் இன்னொரு அம்பயர். அதற்கு அடியில் இன்னொருவர். மொத்தம் பதினோரு அம்பயர், எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு, ஒருவருக்கும் ஒரு மூலைகூட மழுங்காமல்.

ஏலக்காரர் பூதக்கண்ணாடியோடு ஓடி வந்தார்.

"எங்க வீட்ல மூணு அண்ணனுங்க" என்றார் டீச்சர். "கம் வாங்கினா எனக்குக் கம் கிடையாது, கார்டும் கிடையாது. தொட்டா கைமேல அடிதான். பொட்டப் புள்ளைக்கு எதுக்குக் கிரிக்கெட்டுன்னு, வேணாம்னு தூக்கிப் போடுற அம்பயர மட்டும் என்கிட்ட எறிவானுங்க. நான் பத்திரமா எடுத்து வெச்சேன். இவர வெச்சி என்ன விளையாட முடியும்? யாரோட மாத்த முடியும்? அதான் புதுசாவே இருக்காங்க. ஒரு பேட்ஸ்மேன் கூட என்கிட்ட இருந்ததே இல்ல."

வியாபாரி நாற்காலிகளைத் தாண்டிக்கொண்டு வந்துவிட்டார். "அக்கா, அக்கா! ஒண்ணே ஒண்ணு குடுங்கக்கா. துட்டு எவ்ளோ வோணும்னாலும் கேளுங்க."

"தனித்தனியா குடுக்கிறதில்ல தம்பி. இது ஒரு டீம்."

"எல்லாரும் அம்பயரா கீற டீம் எங்கக்கா கீது?"

"எங்கிட்ட இருக்கு."

அதிலிருந்து ஓர் அம்பயரை எடுத்து, பொட்டு வைத்தவர் இருந்த இடத்தில் வைத்தார். ஏலக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, மார்க் சீட்டில் மூன்றை அடித்துப் பத்து என்று எழுதினார். அறுபதும் முதல் தரம். என் எட்டு வருடமும் அந்த மேசையில் முழுசாக இருந்தது.

"அப்ப இவரு?" என்று என் மகள் பொட்டுக்காரரைத் தூக்கிக் காட்டினாள்.

"டீம்ல ஒரு ஆள் குறையுதே, இங்க வரட்டும்" என்று வாங்கி ஜாமெட்ரி பாக்ஸில் எல்லோருக்கும் மேலே வைத்தார் டீச்சர். "பார்க்கவே கேப்டன் மாதிரிதான் இருக்காரு."

பிறகு முதல் கார்டை எடுத்தார். இந்த முறை கையில் எடுத்தார். திருப்பிப் பின்பக்கம் இருந்த எழுத்தெல்லாம் படித்தார். இரண்டாவதை எடுத்தார். ஏலக்காரர் அடுத்த பொருளை ஏலம் விட ஆரம்பித்துவிட்டார், இவர் நகரவே இல்லை. நான் மரப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இருபதாவது கார்டில் நிறுத்திவிட்டுப் போனை எடுத்தார்.

"அண்ணா, நான்தான். வீட்லயா இருக்க? நல்லா கேட்டுக்கோ. செட்டு மொத்தமும் இப்ப என்கிட்ட இருக்கு. ஆமா, எல்லாரும். ஆமாண்ணா, நீ உயிரா வெச்சிருந்த அந்த பேட்ஸ்மேனும்தான். பார்க்கணுமா? வா, வா. வரும்போது கைய நல்லாக் கழுவிட்டு வா."

போனில் அந்தப் பக்கம் என்னவோ சத்தமாகக் கேட்டது.

"அதெல்லாம் தொடக் கூடாது" என்றார் டீச்சர். "உனக்கு வேணும்னா ஒரு அம்பயர் தரேன், வெச்சி விளையாடு."