மாலை கழற்றிய பிறகு

இன்றைக்குக் கரமனையில் பஸ்ஸுக்கு நின்றபோது, சபரிமலைக்கு நடந்து போகும் சாமிமார் கடந்தார்கள். கற்பூர வாசனையில் பொன்முடி எஸ்டேட்டில் நாங்கள் குடியிருந்த லயத்து வீடு நினைவுக்கு வந்தது.

அந்த வருஷம் மஞ்சள்காமாலையில் கிடந்த அப்பா அப்போதுதான் எழுந்திருந்தார். இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்காது. அந்த உடம்போடு மலைக்கு நடக்கக் கிளம்பினார்.

மாலை போட்டால் புருஷனும் சாமிதான். "வழியில விழுந்துட்டா என்ன செய்வீங்க சாமி?" என்று அம்மா கேட்டாள்.

"எழும்பி நடப்பேன்."

அவர் உயிரோடு வருவாரா என்று நாங்கள் பயந்தே கிடந்தோம்.

வந்தார். பாதமெல்லாம் வெடித்திருந்தது. மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, "பசிக்குதுடி, சோறு போடு" என்றார். தட்டு காலியானதும் இன்னும் கேட்டார்.

"இதோ சாமி" என்றாள் அம்மா.

"மாலையைக் கழத்தியாச்சுல்லா, இனி என்னடி சாமி?" என்று அப்பா சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கும்பிட்டாள்.