கொக்கி போட்ட ஜன்னல்

இதைக் கதை என்று நினைத்துப் படிக்காதீர்கள். போன ஜனவரியில் கோபன்ஹேகனில், என் கையால் நடந்தது. கையால் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

ஆல்போர்க் ஊரிலுள்ள முதியோர் இல்லத்தில் அப்பாவுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. நானும் தங்கை கர்டாவும் மாறி மாறிப் பக்கத்தில் இருந்தோம். மூன்றாவது மாதம் எனக்கு அலுத்துவிட்டது. இப்படிச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சனி, ஞாயிறு மட்டும் எங்காவது போய் மூச்சு விடலாம் என்று என் கணவர் ஹென்னிங்குடன் கோபன்ஹேகனுக்கு ரயில் ஏறினேன்.

"போக்கா. நல்லா சாப்பிட்டு, நல்லா தூங்கிட்டு வா. சாகுறவரு உனக்காகக் காத்துக்கிட்டா இருக்கப் போறாரு," என்றாள் கர்டா.

அந்தக் கோபத்தில் போன் சத்தத்தை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

சனிக்கிழமை நாலு மணிக்கே இருட்டிவிட்டது. ஹோட்டலில் கால்வாயைப் பார்த்த மூன்றாம் மாடி அறை. ஹென்னிங் குளிக்கப் போனார். நான் கட்டிலில் சாய்ந்தேன். மணி ஆறு பத்து.

'க்ளிக்.'

ஜன்னல் கொக்கி கழன்றிருந்தது. கதவு மெல்ல வெளிப்பக்கம் திறந்தது. குளிர் முகத்தில் அறைந்தது. எழுந்துபோய் இழுத்துச் சாத்தி, கொக்கியை மாட்டினேன்.

திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. காற்று கால்வாயிலிருந்து அறையைப் பார்த்து அடிக்கிறது. அது ஜன்னலைச் சாத்தத்தான் செய்யும். திறக்காது...

பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கொக்கி அசைந்தது. கை நடுங்குகிறவர் ஊசியில் நூல் கோப்பது மாதிரி, தவறித் தவறி மேலே ஏறியது. 'க்ளிக்.' ஜன்னல் மறுபடி திறந்தது.

பாய்ந்து போய்ச் சாத்தினேன். கழுத்துத் துண்டை எடுத்துக் கொக்கியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். இரண்டு முடிச்சு.

கண்ணாடியில் ஒரு வட்டம் பனித்தது. யாரோ மூச்சு விட்ட மாதிரி. சுருங்கியது... மறுபடி பனித்தது.

விரலால் துடைத்துப் பார்த்தேன். ஈரம் என் பக்கம்தான் இருந்தது.

'டொக்... டொக்...'

இரண்டு கையாலும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். என் தோளுக்குப் பக்கத்திலிருந்து ஏதோ தள்ளியது.

பலமே இல்லாத தள்ளல்.

நான் விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.

"என்ன, ஜன்னலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறே? புருஷன் நான் இங்க இருக்கேன்," என்றபடி ஹென்னிங் தலை துவட்டிக்கொண்டு வந்தார்.

ஏன் என்று தெரியாமலே போனை எடுத்தேன். கர்டா ஐந்து முறை கூப்பிட்டிருந்தாள். திருப்பிக் கூப்பிட்டேன்.

"அப்பா ஆறு மணிக்குப் போயிட்டாருக்கா," என்றாள். அழுது முடித்த குரல்.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"நர்ஸ் உடனே ஜன்னலைத் திறக்கப் போனா. உயிர் வெளிய போகட்டும்னு எப்பவும் திறக்குறதுதானே? இங்க முடியல. புதுக் கட்டடம், கண்ணாடியை முழுசா அடைச்சு வெச்சிருக்காங்க. எனக்கு மனசே ஆறல. அப்பா காதுல குனிஞ்சு சொல்லிட்டேன்..."

"என்ன சொன்னே?"

"அக்கா தங்கியிருக்கிற ரூம்ல ஜன்னல் இருக்கும்பா. அவகிட்ட போங்க. அவ திறந்து விடுவான்னு."

போனைப் போட்டுவிட்டு ஓடினேன். முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தேன். ஜன்னலை விரியத் திறந்து, "போங்கப்பா... போங்கப்பா..." என்று விடியும்வரை நின்றேன்.

பனி உள்ளே வந்துகொண்டே இருந்தது. வெளியே எதுவும் போனதாக எனக்குத் தெரியவில்லை.