புகாருக்கு எடுத்து வைத்த குச்சி

டினா சைட்சாஃப் இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். ஒருநாளும் ஒரு நிமிடம் பிந்தியதில்லை. கடைசியில் அந்த நேரந்தவறாமையே அவளுக்கு வினையாகிப் போனது.

ஸ்லோகன் என்ற மலைப் பள்ளத்தாக்கில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். ஐம்பது வயதில் அவளுக்கு நரம்பு நோய் வந்தது. கால் தசைகள் முறுக்கிக்கொண்டால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுவாள். மருத்துவர் கஞ்சா எழுதிக் கொடுத்தார். வீட்டிலேயே வளர்த்துக்கொள்ள அரசாங்கம் உரிமம் தந்தது. நிலவறையில் விளக்குப் போட்டு ஏழெட்டு ரகம் வளர்த்துப் பார்த்ததில் ஒன்றுதான் அவள் காலுக்கு ஒத்துவந்தது. அதிலேயே குச்சி வெட்டி நட்டு, ஒன்பது வருடம் அந்த ரகத்தைக் காப்பாற்றி வந்தாள்.

அந்த நிலவறையின் காற்றுப்போக்கி நேரே என் சமையலறையைப் பார்த்திருந்தது.

"டினா, ஒன் செடி நாத்தம் என் போர்ஷ்ட் சூப்புல வந்து உக்காந்துக்குது."

"ஓசி மசாலான்னு நெனச்சுக்க, பீட். நீ உப்பே ஒழுங்கா போடமாட்ட."

பிப்ரவரியில் எனக்குப் பொறுக்கவில்லை. வேலியோரம் அவள் கழித்துப் போட்டிருந்த குச்சி ஒன்றை எடுத்து வந்தேன். ஊர் மன்றக் கூட்டத்தில் சாட்சியாகக் காட்ட வேண்டும், அதுவரை வாடக்கூடாது என்று தண்ணீர்க் குவளையில் போட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் வைத்தேன்.

கூட்டத்துக்கு முன்பே டினாவுக்கு அரசாங்கக் கடிதம் வந்துவிட்டது. இனி வீட்டில் வளர்க்கக் கூடாதாம். பெரிய கிடங்குகளில் வளர்ப்பதைத் தபாலில் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். மார்ச் முப்பத்தொன்றுக்குள் இருக்கிற செடியை அரைத்து, பூனை வெளிக்குப் போகத் தட்டில் போட்டு வைக்கும் மண்ணோடு பிசைந்து எறிந்துவிட வேண்டுமாம்.

"எங்கிட்ட பூனையே இல்லையே," என்று சொல்லிக்கொண்டே இரண்டு மூட்டை மண் வாங்கி வந்தாள். இதை எதிர்த்து வழக்கு நடக்கிறது, பொறுத்துப் பார்ப்போம் என்று பள்ளத்தாக்கே சும்மா இருந்தது. டினா மட்டும் மார்ச் எட்டாம் தேதியே எல்லாச் செடியையும் முடித்துவிட்டாள். இனி புகாருக்கு வேலையில்லை என்று நானும் குச்சியை மறந்துபோனேன்.

கிடங்குச் சரக்கு டப்பாவில் வந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. சுத்தம், பூஞ்சை கிடையாது, ஒவ்வொரு டப்பாவும் ஒரே தரம். வீட்டு நிலவறையில் யாருக்கு அதெல்லாம் வாய்க்கும்? ஆனால் டினாவின் ரகம் அவர்கள் பட்டியலில் இல்லை. வந்தது அவள் காலுக்குக் கேட்கவில்லை. தபால் பெட்டிவரை நடக்கக்கூட முடியாமல், சுவரைப் பிடித்து நின்றாள்.

இருபத்தொன்றாம் தேதி நீதிமன்ற உத்தரவு வந்தது. தீர்ப்பு வரும்வரை வீட்டில் வளர்ப்பவர்கள் வளர்க்கலாம். பள்ளத்தாக்கே கார் ஒலிப்பானை அடித்துக் கொண்டாடியது. டினா காலிச் சட்டிகளின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ஒன்ன யாரு இவ்வளவு அவசரப்படச் சொன்னது?" என்றேன். எனக்கு அவள்மேல் அத்தனை கோபம்.

"கெடுன்னா கெடுதான், பீட். எனக்கு லேட்டா வரத் தெரியாது."

வீட்டுக்கு வந்து சூப்பை அடுப்பில் ஏற்றினேன். ஆவி போகட்டும் என்று திரையை விலக்கினேன். குவளையில் குச்சி பச்சையாக நின்றது. அடியில் சேமியா மாதிரி வெள்ளை வேர்.

அடுப்பைக்கூட அணைக்காமல் வேலி தாண்டி ஓடினேன். டினா குவளையை வாங்கி, இலையைத் தேய்த்து முகர்ந்து பார்த்தாள்.

"இது என்னோடது. ஒனக்கு எப்படி கெடச்சுது?"

"ஒம்மேல புகார் குடுக்க எடுத்து வெச்சேன்."

அவள் சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"நாசமாப் போறவனே," என்றாள். "வருசத்துக்கு ஒரு தடவை புகார் குடு."

ஆகஸ்டில் ஒருநாள் வேலிவரை தானாகவே நடந்து வந்தாள். காற்றுப்போக்கியை வேறு பக்கம் திருப்பி வைக்கட்டுமா என்று கேட்டாள்.

இருக்கட்டும் என்றேன்.