வீட்டில் இருந்த மருந்து

மனநல மருத்துவர் என்று சொன்னால் கள்ளக்குறிச்சியில் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். அதற்கு முன் புதுச்சேரியில் இரவு விடுதி ஒன்றில் ஆடினேன், பகலில் அதன் சுவர்களில் படம் வரைந்தேன் என்றால் தலையாட்டல் நின்றுவிடும். எனக்கு எதையும் அடக்கி வைக்க வராது. வேலைக்குச் சேர்ந்த வாரமே சொல்லிவிட்டேன். வார்டு சிஸ்டர் அதைப் பிடித்துக்கொண்டார். நான் வராந்தாவில் வேகமாக நடந்தாலே போதும், "ஆடுன காலு சும்மா நிக்குமா மேடம்!" என்பார்.

அன்று கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். மரவள்ளி பயிரிடுகிறவர். தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை என்று மனைவிதான் சொன்னார். போன முறை கொடுத்த மாத்திரை மிச்சம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, "மருந்து வூட்ல இருக்குதா?" என்று அவரிடமே கேட்டேன்.

"இருக்குதுங்க."

"போதுமா?"

"ஒரு ஆளுக்குத் தாராளமா போதும்."

விடுதியில் பாட்டுச் சத்தத்தில் எந்தப் பேச்சும் கேட்காது. மேடையிலிருந்து முகத்தைப் பார்த்தே யார் அழப்போகிறார், யார் பாட்டிலை உடைக்கப்போகிறார் என்று கண்டுகொள்வோம். இவர் முகம் வந்ததிலிருந்து இருண்டே கிடந்தது. இதைச் சொன்னபோது மட்டும் தெளிந்தது. அந்தத் தெளிவு எனக்குப் பிடிக்கவில்லை. தாளையும் பென்சிலையும் நீட்டினேன்.

"உங்க வூட்ட வரைஞ்சு காட்டுங்க."

"நான் இன்னா இஸ்கூல் புள்ளையா?" என்றார். ஆனாலும் வரைந்தார். கூரை, கதவு, கதவுக்கு மேலே கயிற்றில் தொங்கும் ஒரு பாட்டில்.

"இது இன்னாங்க?"

"மருந்துங்க. நீங்கதான கேட்டீங்க?"

நான் மாத்திரையைக் கேட்டேன். அவர் களைக்கொல்லியைச் சொல்லியிருந்தார். இந்தப் பக்கம் இரண்டுக்கும் ஒரே சொல். "மருந்து குடிச்சிட்டாரு" என்று யாராவது வாசலில் கத்தினால் சிஸ்டர் வயிற்றைக் கழுவும் குழாயைத்தான் எடுப்பார்.

அவரை வார்டில் சேர்த்தோம். சிஸ்டர் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பாட்டிலை எடுத்துவர மனைவி மலைக்குப் பேருந்து ஏறினார்.

மறுநாள் மதியம் திரும்பிவந்து, பையிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"இது கதவு மேல இருந்துச்சுங்க. இது ஆட்டுக்கொட்டாயில, வைக்கோலுக்குள்ள. இத அவரு படத்துல போடவே இல்லியே?"

கட்டிலுக்குப் போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தாளையும் பென்சிலையும் நீட்டினேன். பென்சிலை மட்டும் வாங்கி, அந்தச் சுவரிலேயே ஆட்டுக்கொட்டகையை வரையத் தொடங்கினார்.