பகலுக்குத் திரும்பிய வெல்டர்

சோமா நகரச் சந்தைக்குப் பின்னால் ஹமூங்காவின் வெல்டிங் பட்டறை. மழை பொய்த்து, ஊருக்கு மின்சாரம் தரும் காரிபா அணை ஏரி வற்றிய பிறகு, கரண்ட் நள்ளிரவுக்கு மேல்தான் எட்டிப் பார்த்தது. ஊர் தூங்கும்போது அவன் ஜன்னல் கம்பிகளைப் பற்றவைத்தான். விடிந்ததும் போர்த்திப் படுத்தான். அவன் எழும்வரை வீட்டில் எல்லாரும் கிசுகிசுத்தே பேசினார்கள். ஐந்து வயது மகள் லுவேண்டோகூட வாசலில் சத்தமில்லாமல் விளையாடப் பழகியிருந்தாள்.

மனைவி நிச்சிமுன்யாவுக்கு அது பொறுக்கவில்லை. தாய்வீட்டிலிருந்து வந்த மூன்று பசுக்களில் இரண்டை விற்று, சூரியத் தகடுகளும் பேட்டரியும் கொண்டுவந்து பட்டறையில் இறக்கினாள்.

"பைத்தியமா உனக்கு? பால் வியாபாரம் என்னாவறது?"

"இன்னொரு பசு இருக்குல்ல. லுவேண்டோ அப்பா, உங்க பொண்ணுக்கு உங்களைப் போர்வைக்குள்ள கெடக்குற ஆளாத்தான் தெரியும்."

அவன் ஏணியை எடுத்துவந்து தகடுகளைக் கூரைமேல் ஏற்றினான்.

எதிர்க்கடையில் சைக்கிள் பழுதுபார்க்கும் சியாமுஞ்சோ சும்மா இருப்பானா? "என்ன மச்சான், வெயிலை வச்சு இரும்பை உருக்கப் போறியாமே! அப்படியே எனக்கு நாலு முட்டை பொரிச்சுக் குடேன்!"

முதல் நாள் அவன் வாக்குத்தான் பலித்தது. கனமான இரும்புக் கதவில் ஹமூங்கா தடித்த வெல்டிங் குச்சியை வைத்ததும், பேட்டரி தாங்காமல் மின்சாரம் நின்றது. மறுபடி வைத்தான், மறுபடி நின்றது. எதிரே கைதட்டல். முகமூடியைக் கழற்றி எறிந்தான்.

"புது மாடு வந்தாலும் நாலு நாள் பழகித்தானே கறக்குறோம்?" என்றாள் நிச்சிமுன்யா. முகமூடியை எடுத்துத் துடைத்து அவனிடமே நீட்டினாள்.

பழகினான். காலையில் அறுத்து, ராவி, தயார் செய்துகொண்டான். வெயில் உச்சிக்கு ஏறியதும் மெல்லிய குச்சியால் விட்டுவிட்டுப் பற்றவைத்தான். கனத்த கதவுகளை ஒதுக்கிவிட்டு, ஜன்னல்களும் பள்ளிக்கூட பெஞ்சுகளும் செய்தான். அந்தி சாய்ந்ததும் வீட்டுக்கு வந்து, சோளக்களியும் கருவாட்டுக் குழம்புமாகக் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டான். முதல் சில நாள் லுவேண்டோ வெட்கப்பட்டு அம்மா பின்னால் ஒளிந்தாள். பிறகு அவன் தட்டிலிருந்தே கருவாட்டைப் பொறுக்கினாள்.

மழைக்காலத்துக்கு முன் இன்னும் இரண்டு தகடுகள் ஏறின. அன்று சியாமுஞ்சோ தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"மச்சான், டியூபுக்குக் கையால காத்தடிச்சு தோளே கழண்டுபோச்சு. என் பம்பு மோட்டாருக்கு இங்கேர்ந்து ஒரு ஒயர் இழுத்துக்கவா?"

"இழுத்துக்க. நான் பத்தவைக்கறப்ப மட்டும் அதைப் போட்டுறாத, ரெண்டு பேருக்கும் கரண்டு போயிடும்."

இப்போது தகடுகள்மேல் மேகம் கவிந்தால், முதலில் வானத்தைத் திட்டுவது சியாமுஞ்சோதான்.