முதலில் வரும் சொல்லுக்குத்தான் மதிப்பெண்

எனக்கு எண்களைப் பிடிக்கும். மனிதர்கள் மணிக்கணக்கில் பேசியும் ஒரு முடிவுக்கு வரமாட்டார்கள். எண் ஒரே வரியில் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். உலு திராம் பக்கத்தில் நான் வேலை செய்யும் தமிழ்ப்பள்ளியில் சோதனைகளுக்குப் பொறுப்பு நான்தான். கேள்வித்தாள் தயாரிப்பது, திருத்தியதைச் சரிபார்ப்பது, சராசரி எடுப்பது, எந்த வகுப்பில் மதிப்பெண் எப்படிப் பரவிக் கிடக்கிறது என்று பார்ப்பது எல்லாம் என் தலையில். "டீச்சர் வர்றாங்க, எல்லாரும் சராசரியா உக்காருங்க" என்று ஆசிரியர் அறையில் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

ஒன்றாம் ஆண்டில் சேரும் பிள்ளைகளுக்குப் பள்ளி திறப்பதற்கு முன் நாங்கள் ஒரு சோதனை வைப்போம். மொத்தம் முப்பது படங்கள். ஆசிரியர் படத்தைக் காட்டுவார், பிள்ளை அதன் பெயரைச் சொல்ல வேண்டும். பேச்சு வயதுக்கேற்ப வளர்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் இது. பத்துக்குக் கீழே வாங்கும் பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு கடிதம் கொடுப்போம். மருத்துவரிடம் காட்டுங்கள், சிறப்பு வகுப்பு இருக்கும் பள்ளியில் சேர்ப்பதைப் பற்றி யோசியுங்கள் என்று அதில் இருக்கும். எங்கள் பள்ளியில் சிறப்பு வகுப்பு கிடையாது. பக்கத்தில் இருப்பது ஒரு மலாய்ப் பள்ளியில்தான்.

சோதனையை நடத்துவது நானும் இன்னொரு ஆசிரியையும். பதினைந்து வருடமாக என் பக்கத்து மேசைக்காரி. முதல் வருடம், பத்துப் பிள்ளைகளை மட்டும் நாங்கள் இருவரும் தனித்தனியாகச் சோதித்துப் பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். மதிப்பெண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றியது. ஒரே பையனுக்கு அவள் இருபத்தொன்று போட்டிருக்கிறாள், நான் பதினொன்று.

"பிள்ள மலாய்ல 'பாயோங்'னு சொன்னா நீங்க ரைட்டு போடுவீங்களா?" என்று கேட்டேன்.

"ஏன் போடக்கூடாது? கொடையப் பாத்துத்தானே சொல்லுது? கத்திரிக்காயப் பாத்தா பாயோங்னு சொல்லுது?"

"இது தமிழ்ப்பள்ளி டீச்சர்!"

"அலமாக், பச்சப்புள்ள டீச்சர் அது!"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்தது. சோதனை என்றால் முதலில் நம்பகத்தன்மை வேண்டும் என்று அவளுக்கு ஒரு பாடமே நடத்தினேன். ஒரு பிள்ளையை நான் சோதித்தாலும் நீ சோதித்தாலும் ஒரே மதிப்பெண் வர வேண்டும். உன் அறைக்குள் போனால் கெட்டிக்காரன், என் அறைக்குள் வந்தால் மக்கு என்றால் அது சோதனையே இல்லை, குலுக்குச் சீட்டு. இதில் நான் சொன்னது அத்தனையும் சரி. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

அதற்காக ஒரு விதி எழுதினேன். பிள்ளையின் வாயிலிருந்து முதலில் வரும் சொல்லுக்குத்தான் மதிப்பெண். அந்தச் சொல் விடைப்பட்டியலில் இருக்க வேண்டும். வேறு எது வந்தாலும் பூஜ்யம், பேச்சே கிடையாது. பக்கத்து மேசைக்காரி முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள். ஆனாலும் அவள் ஒரு காரியம் செய்தாள். பூஜ்யம் போடும் இடத்திலெல்லாம் பிள்ளை உண்மையில் என்ன சொன்னது என்று பொடி எழுத்தில் எழுதி வைத்தாள். "ஆசையா இருக்கு, எழுதிக்கிறேன், அதுக்கும் விதி இருக்கா?" என்றாள்.

அடுத்த வருடம் எங்கள் மதிப்பெண்கள் கிட்டத்தட்ட அப்படியே ஒத்துப்போயின. எந்தப் பிள்ளைக்கும் ஒன்று இரண்டுக்கு மேல் வித்தியாசமில்லை. ஆசிரியர் கூட்டத்தில் இரண்டு வரிசைகளையும் திரையில் காட்டினேன். தலைமையாசிரியை கை தட்டினார். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

அந்த வருடம்தான் அந்தச் சிறுமி வந்தாள். இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று இல்லை. உட்கார்ந்ததிலிருந்து வாய் ஓயவில்லை. காலணிப் படத்தைக் காட்டினேன். "சப்பாத்து! எங்கம்மாது கறுப்பு, ஃபேக்டரிக்குப் போடறது. மழ பேஞ்சா மேல பிளாஸ்டிக் கட்டிக்குவாங்க" என்றாள். பூஜ்யம். கத்தரிக்கோலைக் காட்டினேன். "குந்திங். அதத் தொட்டா அம்மா அடிப்பாங்க. ஒரு தடவ நான் தலைகாணிய வெட்டிப் பாத்தேன், உள்ள பஞ்சுதான் இருக்கு." பூஜ்யம். துண்டைத் துவாலா என்றாள், வாளியைப் பால்டி என்றாள். நான் அத்தனைக்கும் பூஜ்யம் போட்டேன். முப்பதுக்கு ஒன்பது. அடுத்த அறையில் பக்கத்து மேசைக்காரியும் தனியாகச் சோதித்து ஒன்பதே போட்டிருந்தாள். வாயாடிக் குழந்தைக்குச் சொல்வளம் போதவில்லை என்று குறிப்பு எழுதினேன். உண்மையைச் சொல்கிறேன், எழுதும்போது என் பேனா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சிறுமியின் அம்மா வந்தார். தொழிற்சாலைச் சட்டை, கழுத்தில் அட்டை, கையில் தலைக்கவசம். கடிதத்தை நின்றுகொண்டே இரண்டு முறை படித்தார்.

"எம்புள்ளைக்கு என்னா கொற டீச்சர்?"

"கொறைன்னு யாரும் சொல்லலம்மா. மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. அப்புறம் அந்த ஸ்கூலப் போய்ப் பாக்கலாம்."

"அங்க தமிழ் சொல்லிக் குடுப்பாங்களா?"

"இல்லம்மா."

"எங்க வீட்டுல எல்லாருமே தமிழ்ப்பள்ளிதான் டீச்சர். இவ ஒருத்தி மட்டும் போவக் கூடாதா?"

அப்போதே நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மாட்டேனே! "ரெண்டு டீச்சருங்க தனித்தனியா பாத்திருக்கோம். ரெண்டு பேருக்கும் ஒம்போதுதான் வந்துச்சு. டெஸ்டு பொய் சொல்லாதும்மா" என்றேன். குரலும் கொஞ்சம் ஏறிவிட்டது.

அவர் தலைக்கவசத்தை என் மேசைமேல் வைத்தார். "தப்பா நெனைக்காதீங்க டீச்சர். அந்தப் படத்த எனக்குக் காட்டுங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் படங்களை எடுத்தேன். பார்த்தவுடன் வாயில் வருவதைச் சொல்ல வேண்டும், முதல் சொல்தான் கணக்கு என்று விதியையும் சொன்னேன். பக்கத்து மேசைக்காரி விடைப்பட்டியலை எடுத்துக்கொண்டு, கேட்காமலேயே திருத்த உட்கார்ந்துவிட்டாள்.

"பாயோங்."

"முட்டை" என்றாள் பக்கத்து மேசைக்காரி. பூஜ்யத்தைத்தான் சொல்கிறாள்.

"சப்பாத்து."

"முட்டை."

"குந்திங். துவாலா. ஃபேன். பால்டி."

"முட்டை, முட்டை, முட்டை, முட்டை."

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். முடிவில் கூட்டிச் சொன்னாள், பதின்மூன்று. மகளைவிட நான்கு அதிகம்.

"நீங்க பெரியவங்க, உங்களுக்குக் கொடைன்னு தெரியும். வீட்டுப் பழக்கத்துல வந்துருச்சு" என்று நான் சமாளித்தேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. பழக்கத்தில் அம்மாவுக்கு வரலாம், மகளுக்கு வந்தால் வளர்ச்சிக் குறையா?

அவர் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். "நான் தம்போய் ஃபேக்டரில லைன் லீடர் டீச்சர். என் லைன்ல ரெண்டு பேரு செக் பண்ணுவாங்க. ஒரு நாளு ரெண்டு பேரும் ஒரே பீஸத்தான் ரிஜெக்ட் பண்றாங்க, கொஞ்சங்கூட வித்தியாசமே இல்ல. சூப்பர்வைசருக்கு ஒரே சந்தோஷம். சாயங்காலம் பாத்தா, பாத்துப் பாத்து செக் பண்ணச் சொல்லிக் குடுத்த சேம்பிளே தப்பு. நல்ல பீஸ் பூராவும் கூடைக்குப் போயிருச்சு."

தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடம் வரை அவர் நனைந்துகொண்டு போவதைப் பார்த்து நான் வாசலுக்கு ஓடினேன்.

"இருங்கம்மா! பாயோங் எடுத்துட்டுப் போங்க!"

பின்னாலிருந்து பக்கத்து மேசைக்காரி, "முட்டை" என்றாள்.

திரும்பி வந்து அவள் மேசையருகில் நாற்காலியை இழுத்துப் போட்டேன். இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து, அவள் பொடி எழுத்தில் எழுதி வைத்திருந்த விடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எந்த மொழியாக இருந்தாலும் சரி, படத்தில் இருப்பதைப் பிள்ளை சொல்லியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து மறுபடியும் மதிப்பெண் போட்டோம். சிறுமிக்கு முப்பதுக்கு இருபத்தேழு வந்தது. நாங்கள் அளக்க வந்தது பிள்ளைக்குப் பேச்சு வளர்ந்திருக்கிறதா என்று. அளந்தது வீட்டில் என்ன சொல் புழங்குகிறது என்று. ஏற்புடைமை என்று பாடப்புத்தகம் இதைத்தான் சொல்கிறது, அளக்க நினைத்ததையே அளக்கிறோமா என்பது. தேர்வில் நான் அதற்கு இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவள். நம்பகத்தன்மையைக் கூட்டுவதற்காக நான் எழுதிய விதியே ஏற்புடைமையைக் கொன்றுவிட்டது. நாங்கள் ஒத்துப்போனோம், ஆனால் ஒன்றாகத் தப்பில் ஒத்துப்போனோம். வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்றேன். "விதி என்னுடையது, தப்பும் என்னுடையது" என்றேன். மழுப்பவில்லை. ஒரு மூத்த ஆசிரியர் குறுக்கிட்டார்.

"அப்ப தமிழ்ப்பள்ளியில தமிழ்ச்சொல் வேணாங்கிறீங்களா?"

"வேணும் சார். அதச் சொல்லிக் குடுக்கத்தான் நமக்குச் சம்பளம். உள்ள வந்தப்புறம் சொல்லிக் குடுக்க வேண்டியத வாசல்லயே கேட்டு, தெரியலன்னு வெளிய அனுப்புனா, யாருக்குச் சார் சொல்லிக் குடுப்போம்? அதுவும் தமிழே இல்லாத எடத்துக்கு அனுப்பறோம்!"

அவர் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே புது விதி எழுதினோம். எந்த மொழியில் சொன்னாலும் மதிப்பெண். தமிழ்ச்சொல்லுக்குத் தனியாக ஒரு கட்டம், வகுப்பாசிரியருக்கு உதவியாக மட்டும். கடைசியில் பிள்ளையை மூன்று நிமிடம் பேசவிட்டுக் கேட்பது. இந்த முறையில் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போக இன்னும் நிறையப் பயிற்சி வேண்டியிருந்தது. செய்தோம். அந்த அம்மா என் மேசையிலேயே விட்டுப்போன கடிதத்தை நானே கிழித்தேன். அம்மாவுக்குப் போன் செய்து, மன்னிப்புக் கேட்டு, மகளைக் கூட்டி வாருங்கள், பதிவு செய்யலாம் என்றேன்.

வந்தார்கள். பதிவுத் தாளில் நான் எழுதிக்கொண்டிருக்கும்போது சிறுமி என் மேசைமுன் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே தொடங்கினாள்.

"குடை. காலணி. கத்தரிக்கோல். துண்டு. மின்விசிறி. வாளி."

அம்மா சங்கடத்துடன் சிரித்தார். "சனி ஞாயிறு உக்கார வெச்சு சொல்லிக் குடுத்தேன் டீச்சர். நீங்க போன் பண்றதுக்கு முந்தியே." முப்பதும் வந்தது, வரிசை மாறாமல். என் பழைய விதிப்படி இரண்டு நாளில் ஒன்பதிலிருந்து முப்பது. அந்த இரண்டு நாளில் பிள்ளையின் மூளை ஒன்றும் மும்மடங்கு வளர்ந்துவிடவில்லை.

"ரொம்ப நல்லா சொன்ன. தலைகாணிக்குள்ள என்னா இருந்துச்சு?" என்று கேட்டேன். அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "பஞ்சு" என்றாள் மெதுவாக. "சரியா டீச்சர்?"

பேசிக்கொண்டே இருந்த பிள்ளை. இப்போது ஒரு சொல் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறது.

பள்ளி திறந்தது. அவள் ஒழுங்காக வந்தாள், எழுதினாள், படித்தாள். ஆனால் பேசவில்லை. ஏதாவது கேட்டால் ஒற்றைச் சொல், அதோடு ஒரு "சரியா?" வாரம் ஒரு முறையாவது நான் அந்த வகுப்புக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது உளறிப் பார்ப்பேன். நாய் கதை, மழை கதை, என் கார் வழியில் நின்றுபோன கதை. கேட்டுக்கொள்வாள். சிரிக்கக்கூட மாட்டாள். என் எண்கள் எதிலும் இது தெரியாது. அவள் மதிப்பெண்கள் எல்லாம் சராசரிக்கு மேலேதான்.

மூன்றாவது மாதம், ஓய்வு நேரம். நான் சிற்றுண்டிச்சாலையில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். யாரோ என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். பார்த்தால் அவள்தான். முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு.

"டீச்சர்! அவன் என் தண்ணி போத்தல லோங்காங்ல போட்டுட்டான் டீச்சர்! அது புதுசு டீச்சர், அம்மா நேத்துத்தான் கடையில பெலி பண்ணாங்க, மிதந்துக்கிட்டே போவுது, செப்பாட் ஓடி வாங்க, செப்பாட்!"

காப்பியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். பள்ளிக்குப் பின்னாலிருக்கும் லோங்காங்கில், அந்தப் பெரிய சாக்கடையில், முந்தின நாள் பெய்த மழைத் தண்ணீர் முழங்கால் அளவு ஓடியது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்போடு இறங்கிவிட்டேன். பிள்ளைகள் கூட்டம் கூடிக் கத்தியது. அவள் கரையோரமாகவே ஓடி வந்து, "அங்க டீச்சர், அங்க! ஐயோ, கீரிப் பக்கம் இல்ல, கானான் பக்கம்!" என்று என்னை அதட்டினாள். இடப்பக்கம் போன நான் வலப்பக்கம் திரும்பிப் போத்தலைப் பிடித்து நீட்டினேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, அதை எறிந்தவனைத் திட்டிக்கொண்டே ஓடினாள். சரியா என்று என்னைக் கேட்கவே இல்லை.