வேலியில் பறித்த கொழுந்து

யாராவது போனை லவுட்ஸ்பீக்கரில் போட்டுப் பேசினால் இன்றைக்கும் என்னால் அங்கே இருக்க முடியாது. பாடசாலை ஓய்வறையில் யாரேனும் போனை மேசையில் வைத்துவிட்டு வீட்டாரோடு சத்தமாகப் பேசத் தொடங்கினால், ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து வெளியே போய்விடுவேன். "டீச்சருக்கு எங்க வீட்டுக் கதை கேக்கப் பிடிக்கல போல" என்று கேலி பண்ணுவார்கள். சிரித்து மழுப்பிவிடுவேன். ஒரு பின்னேரம் நான் பயத்தில் உளறிய நாலு வார்த்தையை அந்த லவுட்ஸ்பீக்கர் ஒரு தோட்டம் முழுக்கக் கேட்க வைத்தது. அதில் மாட்டிக்கொண்டவள் என் அக்கா.

அக்கா என்றால் பெரியம்மாவின் மகள். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பரா அறைகளில் வளர்ந்தோம். லயத்துக் குறுக்குச் சுவர் கூரை வரைக்கும் போகாது. அவள் அந்தப் பக்கம் பாடம் ஒப்பித்தால் இந்தப் பக்கம் எனக்கு மனப்பாடமாகும். எங்கள் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் அவள்தான். சும்மாவா அனுப்பினார்கள்! கோயிலில் பூசை, ரோட்டு முடக்கில் அவள் படம் போட்ட பேனர், தப்பு அடித்து, மாலை போட்டு, பஸ் ஏற்றிவிட்டார்கள். கொழுந்து மலையில் வேலையை மேற்பார்க்கிற, யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுகிற கண்டாக்கு ஐயாவே இறங்கி வந்து வாழ்த்துச் சொன்னார். இப்படி அனுப்பி வைக்கப்பட்ட ஒருத்தி இடையில் திரும்பி வர நேர்ந்தால் எந்த முகத்தோடு வருவாள் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

லீவுக்கு வரும்போதெல்லாம் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொள்வோம். மாடி மாடியாக உயர்ந்து நிற்கும் நூல் நிலையத்தைப் பற்றிச் சொல்வாள். ஒரே மண்டபத்தில் முந்நூறு பேர் உட்கார்ந்து பாடம் கேட்பதையும், கேன்டீன் பருப்பில் பருப்பைத் தேட வேண்டியிருப்பதையும், மழையில் கூட்டாளிகளோடு ஒரே குடையில் ஓடியதையும் சொல்வாள். உயர்தரப் பரீட்சைக்கு நான் விழுந்து விழுந்து படித்தது அந்தக் கதைகளை நம்பித்தான். இரண்டு வருடம் கழித்து எனக்கும் அதே பல்கலைக்கழகம் கிடைத்தது. இரண்டாவது ஆள் என்பதால் பேனர் கொஞ்சம் சின்னது. ஊரே சொன்ன ஆறுதல் ஒன்றுதான்: "அதான் அக்கா இருக்கால்ல, ஒனக்கு என்ன பயம்?" ஆனால் செய்தி கேட்ட அன்றைக்கு அக்காவின் முகம் செத்துப்போனது. "வேற எடம் போட்டிருக்கலாமேடி" என்றாள். பொறாமை என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே வேண்டாம். கினிகத்தேனை தாண்டி, மலை முழுக்க இறங்கி, வெயில் சுடுகிற ஊருக்குப் போக வேண்டும். போய்ச் சேர்ந்த அன்று அக்காவை அழைத்தேன். "நான் ட்ரெய்னிங்குக்கு வெளியூர் வந்திருக்கேன். வந்துடுறேன். அதுவரைக்கும் யாருகிட்டயும் என் பேரச் சொல்லிடாத" என்றாள். ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

ராகிங்குக்கு நாங்கள் சொல்லும் பகிடிவதை என்ற சொல்லில் பகிடி இருக்கிறதே, அந்த வேடிக்கையை நம்பாதீர்கள். இரட்டைப் பின்னல், ரப்பர் செருப்பு, தரையைப் பார்த்த தலை. யார் கூப்பிட்டாலும் நிற்க வேண்டும், கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும், சிரிக்கக் கூடாது, அழக் கூடாது. விடுதியிலிருந்து விரிவுரை மண்டபத்துக்குப் பத்து நிமிடம்தான் நடை. அந்தப் பத்து நிமிடத்துக்காக நான் காலைச் சாப்பாட்டையே விட்டேன், சாப்பிட்டால் வாந்தி வரும்.

இரண்டாவது வாரத்தில் கேன்டீன் பக்கத்தில் சீனியர் கும்பல் ஒன்று என்னை நிறுத்தியது.

"எந்த ஊர்?"

"ஹட்டன்."

"டவுனா, தோட்டமா?"

"தோட்டங்க."

"அப்ப எங்களுக்குக் கொழுந்து எடுத்துக் காட்டு."

கேன்டீனைச் சுற்றி இடுப்பளவு உயரத்தில் ஒரு வேலிச் செடி. என் பையின் வாரைத் தலையில் மாட்டி, பையை முதுகில் தொங்கவிடச் சொன்னார்கள். அம்மா தினமும் கூடையை மாட்டுகிற மாதிரியே. வேலியில் இலை பறித்துப் பறித்துப் பின்னால் போட்டேன். பழகிய கை, இரண்டு கையும் சேர்ந்தே போயிற்று. அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். "முத்தல் எலையப் புடுங்காத, கண்டாக்கு வர்றாரு!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். கண்டாக்கு, முத்தல் இலை எல்லாம் வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. அவன் எங்கள் ஆள். எங்கேயோ ஒரு லயத்தில், உடப்புசல்லாவையிலோ கொத்மலையிலோ, அவனுடைய அம்மாவும் அந்த நேரம் மலையில்தான் நின்றிருப்பாள்.

பயத்தில் அக்கா சொன்னது மறந்துவிட்டது. அவளுடைய பெயரைச் சொல்லி, "அவங்க என் அக்காங்க, இங்கதான் மூணாம் வருஷம் படிக்கிறாங்க" என்றேன். ஒரு சீனியர் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "அவளா? மூணு வாரத்துல பெட்டியத் தூக்கிட்டு ஓடினவ. இதே வேலியிலதான் அவளும் எடுத்தா."

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போன் எடுத்தேன். எங்கள் தோட்டத்தில் அப்போது லயத்துக்குள் சிக்னல் கிடையாது. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் மட்டும்தான் இரண்டு கோடு தெரியும். அதனால் பின்னேரம் நிறுவைக்குக் கூடை இறக்குகிற நேரத்தில்தான் எல்லா வீட்டுக்கும் போன் வரும். வெளியூரிலிருந்து பிள்ளை பேசினால் அதைத் தனியாகக் கேட்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை, அது ஒரு மாதிரி கஞ்சத்தனம். "லவுட்ல போடு, நாங்களும் கேக்குறோம்" என்பார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். நானே எத்தனை தடவை அந்தக் கூட்டத்தில் நின்று அக்காவின் குரலைக் கேட்டிருக்கிறேன். தெரிந்தும், அம்மாவின் "ஹலோ" கேட்டவுடன் அணை உடைந்த மாதிரி கொட்டிவிட்டேன்.

"அம்மா, என்னய வந்து கூட்டிட்டுப் போங்க. அக்கா இங்க இல்லம்மா. அவ இங்க படிக்கவே இல்லையாம். மூணு வாரத்துல ஓடிட்டாளாம்."

மறுமுனையில் தராசுக் கொக்கி ஆடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அம்மாவின் குரல் வரவில்லை, பெரியம்மாவின் குரல் வந்தது. "அப்ப எம்மவ எங்கடி?"

அந்தக் கேள்விக்கு நாலு நாள் பதில் இல்லை. யாரோ அன்று இரவே அக்காவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். அதோடு அவளுடைய போன் அணைந்துவிட்டது. இரண்டு வருடமாக எங்கே இருந்தாள், இப்போது எங்கே போனாள், ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் பெரியப்பா, கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு என் விடுதி வாசலுக்கு வந்தார். மலையில் யாருக்கும் பயப்படாத மனுஷன், அந்தப் பெரிய கட்டடங்களைப் பார்த்துக் குரலே எழும்பாமல் நின்றார். "ஏதும் தப்பா பண்ணிக்கிட்டிருப்பாளோ?" என்று என்னிடம் கேட்டார். என்னிடம்! அவளைக் காட்டிக்கொடுத்தவளிடம். அந்த நாலு நாளும் சீனியர்கள் கூப்பிட்டால்கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. போன் அடித்தால்தான் உயிர் போனது. ஆறு, பாலம், ரயில் பாதை என்று கண்டதெல்லாம் மனதில் வந்தது. உயிரோடு இருந்தால் போதும் என்று, கோயில் தேவாலயம் பாராமல் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

ஐந்தாம் நாள் காலையிலேயே, எங்களைச் சிங்களத்தில் தங்கச்சி என்றே கூப்பிடுகிற விடுதிக் காவலாளி, "நங்கி, உன்னப் பாக்க ஆள்" என்றார். வாசலுக்கு வெளியே அக்கா நின்றாள். நகரத்தில் ஒரு துணிக்கடையின் சீருடைச் சேலையில். பல்கலைக்கழகத்திலிருந்து மூன்றாவது பஸ் நிறுத்தம், அந்தக் கடை. இரண்டு வருடமும் அங்கேதான் சேலை மடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கட்டிப்பிடிக்கப் போனேன். அவள் கை நீட்டித் தடுத்தாள். வாசல் கோட்டைத் தாண்டி அவள் கால் உள்ளே வரவில்லை, கண் மட்டும் என் தோளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தபடியே இருந்தது.

"தெரியாம சொல்லிட்டேன்க்கா."

"தெரியும்டி. நான் ஒனக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். அந்த லைப்ரரிக்குள்ள நான் ஒரு நாள்கூடப் போனதில்ல. பஸ்ஸுல போறப்போ பாத்ததுதான்." முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "நான் இப்ப வீட்டுக்குப் போறேன். தனியாப் போக பயமா இருக்கு. நீயும் வீட்டுக்கு வரேன்னு போன்ல சொன்னியாமே? வா, ரெண்டு பேருமாப் போவோம்."

என் பெட்டி பாதி அடுக்கியபடி கட்டிலுக்குக் கீழே இருந்தது. ஆனாலும் அதை எடுக்க நான் உள்ளே போகவில்லை. முடக்கில் என் பேனர் இன்னும் புதுசாகத் தொங்கும். அந்த ரோட்டில், மலை முழுக்க நிற்கிற பெண்களுக்கு முன்னால், அவளுக்குப் பக்கத்தில் நடந்து போவதை நினைத்தேன். அவளோடு சேர்த்து என்னையும் பார்ப்பார்கள். "வரலக்கா" என்றேன். படிப்பு ஆசையில் சொன்னதல்ல அது. அவள் தலையை ஆட்டினாள், என் கன்னத்தைத் தொட்டாள், பஸ்ஸுக்கு நடந்தாள்.

அவள் வீடு போய்ச் சேர்ந்த கதையை அம்மா சொல்லித்தான் தெரியும். அன்று பகலிலேயே, பெண்கள் ரோட்டோரத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது வந்திருக்கிறாள். கைகளெல்லாம் நின்றுவிட்டன. யாரோ ஒருத்தி, "அடியே, ஒங்கம்மா மேல் நெரையில நிக்கிறா, போ" என்று கத்தியிருக்கிறாள். பெரியம்மா கூடையோடு சரிவில் இறங்கி வந்து, முதுகில் இரண்டு போடு போட்டு, பிறகு அவளைக் கட்டிக்கொண்டு கத்திய கத்தலில் கண்டாக்கு ஐயாவே திரும்பிப் போய்விட்டாராம். பேசாமல் இருந்தார்களா ஊரில்? வருடக்கணக்காகப் பேசினார்கள். அவள் அதையும் கேட்டுக்கொண்டு அங்கேயே இருந்தாள். இப்போது அதே தோட்டத்தின் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். கல்யாணமாகி, எட்டாம் வகுப்பில் படிக்கிற ஒரு மகளும் இருக்கிறாள்.

நான் பட்டம் வாங்கினேன், டீச்சரானேன். போன டிசம்பர் லீவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். மகள் என் மடியில் கால் போட்டுக்கொண்டு, யாரோ பள்ளிக்கூடத்தில் சொன்னதைக் கேட்டு வந்தவள்போல, "அம்மா, நீங்க ஏன் கெம்பஸ்ல இருந்து பாதியில வந்தீங்க?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா கையை நிறுத்தவே இல்லை.

"பயந்துட்டேன்டி."

"சித்தி பயப்படலியா?"

"நானும் பயந்தேன்" என்றேன்.

"அப்ப நீங்க ஏன் வரல?"

பிள்ளையிடம் ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அக்கா அப்படிப் பதில் சொன்ன பிறகு எனக்கு முடியவில்லை. ஊர் பார்க்குமே என்ற பயத்தில்தான் வரவில்லை என்றேன். அங்கேயே இருந்து என்ன செய்தேன் என்று, இத்தனை வருடத்தில் யாரிடமும் சொல்லாததையும் சொன்னேன். அடுத்த வருடம் புதுப் பிள்ளைகள் வந்தபோது அவர்களைப் பகிடிவதை செய்யக் கேன்டீன் பக்கத்தில் எங்கள் வருடத்துப் பெட்ச் முழுக்க நின்றது. நிற்காதவர்களை ஒதுக்கி வைப்பார்கள், யாரும் பேச மாட்டார்கள், அந்தப் பயத்தில் நானும் நின்றேன். தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளை ஒன்று, தலையில் பை வாரை மாட்டிக்கொண்டு வேலியில் இலை பறித்தது. "நீயும் தோட்டம்தானே, ஏதாவது சொல்லு" என்று பக்கத்தில் இருந்தவள் என்னை இடித்தாள். முத்தல் இலையைப் பறிக்காதே, கண்டாக்கு வருகிறார் என்று கத்தியது நான்தான். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்தது. அந்த வாரமே அதன் கட்டில் காலியாகிவிட்டது.

அக்கா மா பிசைவதை நிறுத்தியிருந்தாள். மகள் என் மடியிலிருந்து காலை எடுத்துக்கொண்டாள்.

"அந்த அக்கா பேரு என்ன சித்தி?"

எனக்குத் தெரியவில்லை. புதிதாக வருகிறவர்களை நாங்கள் சொந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை, ஆளுக்கொரு பட்டப்பெயர் வைப்போம். தோட்டத்தைக் கேலி பண்ணி அந்தப் பிள்ளைக்கு நாங்கள் வைத்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதை அந்த வீட்டில், அக்காவுக்கு முன்னால், என்னால் சொல்ல முடியவில்லை.